மேகத்துக்கு அடியில் ஒரு முகூர்த்தம்

சுங்க அதிகாரி என் பெட்டிக்குள்ளிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். சோப்பு டப்பா அளவில் எட்டு வெள்ளைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குட்டி விசிறி. இவை என்ன செய்யும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "புகையை மோந்து பார்க்கும்" என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண், "'எங்க மாமியார் மூக்கு இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு'னு கேக்குறாரு" என்று மொழிபெயர்த்துச் சொன்னாள். எட்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள், போன வாரம் முழுக்க வானமே தெரியவில்லை என்றார் அவர்.

அது எனக்குத் தெரியும். சென்னையில் என் வேலையே அதுதான். காட்டுத்தீ எங்கே பற்றுகிறது, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று செயற்கைக்கோள் படங்களில் பார்த்துக் குறிப்பு எழுதுவேன். சுமத்ராவில் புகை கிளம்பினால் அது நீரிணையைத் தாண்டுகிற வேகம், அகலம் எல்லாம் என் திரையில் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு வானம் முதல் தரை வரை எல்லாம் ஒரே படலம். புகை ஆள் மூக்கு உயரத்தில் இருக்கிறதா, ஒரு மைல் மேலே யாருக்கும் தொந்தரவில்லாமல் மிதக்கிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த எட்டுப் பெட்டிகளும். மலேசியாவின் தென்கோடி, ஜோகூரில் எட்டுக் கூரைகளில் இவற்றை மாட்டிவிட்டு வர வேண்டும், ஒரு வாரத்துக்குள்.

வாசலில் என்னை அழைத்துப் போக வந்திருந்தது ஒரு முழு நீளப் பேருந்து. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற பேருந்து. ஓட்டுநர் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு.

"ஏறுங்க தங்கச்சி. காலை ஷிப்ட இறக்கிட்டு நேரா வரேன். காடி இதுதான் இருக்கு, பரவால்லையா?" வண்டியைத்தான் அங்கே காடி என்கிறார்கள்.

அவர் சரஸ்வதி அக்கா. தம்போயில் அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் தங்கப் போகிறேன். நாற்பது பேர் உட்கார்கிற வண்டியில் நான் ஒருத்தி மட்டும் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் நடத்துநர் கத்துகிற கத்தலில் பாதி வழி ஓடிவிடும். இங்கே நடத்துநர் இல்லை. அக்காவே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் புவனாவுக்குக் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை தினேஷ் சிங்கப்பூரில் வேலை, தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய் வருகிற பையன் என்றார். தெப்ராவ் கோயிலில் ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம்.

"கல்யாண வீட்டில் நான் வேறு வந்து..." என்று இழுத்தேன்.

"அலமாக், ஒரு ஆளு கூடுனா என்னா? நீங்க வர்றது அவருக்குத்தான் ரொம்ப சந்தோசம். படம் பாக்குற அம்மா எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கனு நச்சரிச்சிட்டாரு."

அவர் என்பது மணியம் அண்ணன், அக்காவின் கணவர். துறைமுகத்தில் இருபத்தைந்து வருடம் சரக்கு ஏற்றி இறக்கியவர். இரண்டு வருடம் முன்பு நெஞ்சுச் சளி முற்றி, பிழைத்து எழுந்தபோது நுரையீரலில் பாதிதான் மிச்சம் இருந்தது. கூடத்தில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற இயந்திரம், அதிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்க முயன்றார். வேண்டாம் என்றேன். "வீட்டுக்கு வந்தவங்கள உக்காந்துகிட்டே வாங்கனு சொல்லக் கூடாது மா" என்று முழுதாக எழுந்து நின்று, "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் புதன்கிழமை. தம்போயில் இரண்டு கூரைகள் முடிந்தன, ஒன்று அக்கா வீட்டுக் கூரை. மூன்றாவதுக்கு ஏணி கொடுத்த சீனப் பட்டறைக்காரர், நான் கூரைமேல் இருக்கும்போதே ஏணியை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். தகரச் சூட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து என்னைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பரிகாரமாக ஐஸ் போட்ட பார்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், இரண்டு கோப்பை. அப்படியொரு பார்லித் தண்ணீரை நான் குடித்ததில்லை.

வியாழக்கிழமை தெப்ராவ். கோயில் மண்டபத்துக் கூரையிலும் ஒன்று மாட்ட அனுமதி கிடைத்தது. பகலுணவுக்கு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் உறவுக்காரன்தான், ஆனால் அடித்து நொறுக்காமல் பொறுமையாக வளர்க்கப்பட்டவன். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. கடைக்காரரின் தாத்தா கடையநல்லூர்க்காரராம். நான் சென்னை என்றதும், "அங்க இப்ப மழையா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். ஜோகூர் வானத்தைப் பார்க்கிறவளுக்குத் தன் ஊர் வானம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மணியம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். புவனாவும் இருந்தாள். இருபத்தாறு வயது, அப்பாவின் அதே நீண்ட முகம். கையில் தாலிக்கொடி வைத்த சிவப்புப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"படத்தக் கொஞ்சம் காட்டுமா" என்றார் அண்ணன். "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?"

மடிக்கணினியைத் திறந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், அவற்றைச் சேர்த்து ஓடவிட்டால் புகை நகர்வது தெரியும். சுமத்ராவின் கிழக்குக் கரையில் நான்கைந்து இடத்திலிருந்து கிளம்பிய சாம்பல் நாடா, போன வாரம்வரை ஜோகூர் பக்கம் நீண்டிருந்தது, இப்போது காற்று மாறியதால் வடக்கே வளைந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குழந்தை மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல முகத்தை வெகு அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அப்போ நம்ம பக்கம் வராது?"

"வராது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இருக்கும்."

'இருக்கலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அலுவலகக் குறிப்பில் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் நான்கு மாதமாக ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போகாத மனிதர், மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கக் கோயிலுக்குப் போக முடியுமா என்று கேட்கிறார். என் வாய் என் வேலையை மறந்துவிட்டது.

"கேட்டியா அம்மா சொன்னத?" என்றார் அக்காவிடம். அக்காவும் சிரித்தார். புவனா மட்டும் பெட்டியை மூடிவைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் க்கா" என்றாள். குளிர்சாதன மண்டபம் வைத்திருந்தால் அப்பா வந்து உட்கார்வது சுலபம், கோயில் என்பது அப்பாவின் பிடிவாதம் என்று பிறகு சொன்னாள். அவருக்கும் அக்காவுக்கும் அதே கோயிலில்தான் தாலி கட்டியதாம்.

வெள்ளிக்கிழமை பாசிர் கூடாங். கடைசி மூன்று கூரைகள். அதிகாலை ஷிப்டோடு நானும் போனேன். பேருந்து நிறைய நேப்பாளிகள், வங்காளதேசத்தினர், உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள். பாதிப் பேர் ஏறியதும் தூங்கிவிட்டார்கள். தூங்காத ஒரு பெண் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக்கைப் பிரித்து, பாதியை என்னிடம் நீட்டினாள். தேங்காய்ப்பால் சோறு, காரச் சம்பல், ஒரு துண்டு முட்டை. காலை ஆறரை மணிக்கு அந்தக் காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுக்கே அழுவுறீங்களா?" என்றாள். வழியில் வண்டி நின்றுபோனது. அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தார், அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து இறங்கித் தள்ளினார்கள். வழக்கமான வேலை போலிருக்கிறது. வண்டி உறுமியதும் ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

சனிக்கிழமை முழுக்கத் தென்மேற்குப் பக்கம் மேகம் மூடியிருந்தது. படத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வீடு நிறைய உறவுக்காரர்கள், கோயிலில் மாவிலை கட்டுகிறார்கள், அண்ணன் நாளைக்குப் போடுகிற சட்டையை மூன்று தடவை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார். நான் பூக்கட்டுகிற பெண்களோடு உட்கார்ந்து பூக்கட்டினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தபோது போகிப்பண்டிகை என்று நினைத்தேன். சென்னையில் அன்றைக்கு விடியும்போது வருமே, தொண்டையின் பின்பக்கத்தில் உட்கார்கிற ஒரு கரகரப்பு, அது. ஜன்னலைத் திறந்தேன். எதிர் வீட்டு விளக்கு மஞ்சளாகக் கலங்கித் தெரிந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். கூரைமேல் நானே மாட்டிய பெட்டி, நேற்று இரவைவிட மூன்று மடங்கு காட்டியது. கோயில் கூரைப் பெட்டி அதற்கும் மேல். செயற்கைக்கோள் வரைபடமோ தம்போய்க்கு நேராக வெறுமை காட்டியது. தீ என்று ஒரு புள்ளிகூட இல்லை. இந்தச் சின்னப் பெட்டிகள் ஈரக் காற்றில் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அதுவாக இருக்கலாமே என்று மனசு சொன்னது. அதுவாக இருக்கட்டும் என்றும் சொன்னது.

கீழே இறங்கினேன். அண்ணன் வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு எல்லாம் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து பளபளவென்றிருந்தது. எடுத்துப் போகிற சின்ன ஆக்சிஜன் உருளை காலடியில். அக்கா பட்டுப்புடவையில் இருந்தார், கழுத்தில் அந்தத் துண்டு மட்டும் பழக்கதோஷத்தில் கிடந்தது. புவனா ஐந்து மணிக்கே கோயிலுக்கு அலங்காரத்துக்குப் போய்விட்டாள்.

"இது சுமத்ரா ஜெரெபு இல்ல மா" என்றார் அண்ணன், நான் வாய் திறக்குமுன். ஜெரெபு என்றால் புகைமூட்டம். "அது பழைய வாசம், காஞ்சு போயி வரும். இது பச்சையா இருக்கு. பக்கத்துல எங்கயோ மண்ணு எரியுது."

அவர் சொன்னது சரி. பொந்தியான் பக்கத்தில், யாரும் பயிர் செய்யாத ஒரு சதுப்பு நிலத்தில், இலைதழை மக்கிச் சேர்ந்த கரிமண் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. மேலே தீ கிடையாது, அதனால் மேலிருந்து பார்க்கச் சூடும் கிடையாது. மேகமும் மூடிக்கொண்டது. தீயணைப்புக்காரர்கள் அங்கே போயிருப்பது எட்டு மணிக்குமேல்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரைமேல் இருக்கிற பெட்டியும், பேசி முடித்ததும் இருமத் தொடங்கிய அண்ணனும்தான். இருமல் நிற்கவில்லை. அக்கா முதுகைத் தடவினார். அண்ணன் குனிந்து, வேட்டி கசங்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்கள் கோயிலுக்கு வரக்கூடாது. அங்கே இன்னும் மோசம். வியாழக்கிழமை நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. அண்ணன் முழங்காலிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தார்.

"நீங்க வானத்தப் பாத்தீங்க, சொன்னீங்க" என்றார் மெதுவாக. "நான் கேட்டது வானத்தப் பத்தி இல்லையே மா. போலாம்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களானுதான் கேட்டேன்." பிறகு அக்காவிடம், "நீ போ. போயி நல்லபடியா முடிச்சிட்டு வா. போன்ல காட்டு, பாத்துக்கிறேன்" என்றார்.

அக்கா கோயிலுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. விஷயத்தைப் புவனாவிடம் சொன்னார். பின்னணியில் தவில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா வர முடியலன்னா நான் அங்க வரேன்மா" என்றாள் புவனா.

"பைத்தியமா? இருநூறு பேரு வந்திருக்காங்க!"

"அவங்க சாப்பிடட்டும்மா. தாலி வீட்டுல கட்டிக்கிறேன்."

அடுத்து மாப்பிள்ளையின் அம்மா பேசினார். கடுமையான குரல். மணவறை ஜோடித்தாகிவிட்டது, சாமி முன்னால் நடக்க வேண்டியதை வீட்டில் நடத்தினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். எதுவும் சொல்ல உரிமையில்லாத நான்தான் போன் பக்கம் குனிந்து, "அம்மா, தப்பு என்னுடையது. நான்தான் இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அதை நம்பித்தான் இவர்கள்..." என்றேன். அந்த அம்மா இடைமறித்தார்.

"சம்பந்தி இருமுற சத்தமா அது?"

"ஆமாம்."

"இவ்ளோ மோசமானு எனக்கு யாரும் சொல்லலையே." பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னார். அப்புறம், "பஸ்ஸ எடுத்துகிட்டு வாங்க சம்பந்தி. வேற எதுல நாங்க எல்லாம் வர்றது?"

மணி ஏழரை. அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். கூடத்து ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்குகளில் ஈரத்துண்டுகளைச் சொருகினேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நான் கேட்காமலே, தன் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பேரனுக்கு வாங்கியதாம். கூரைப் பெட்டிகளைச் சரிபார்க்கத் தனியாக ஒரு கைப்பெட்டி வைத்திருந்தேன், சார்ஜ் போட்டு அண்ணன் பக்கத்தில் வைத்தேன். எண் இறங்கத் தொடங்கியது. நான் ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "இறங்குது" என்றேன். "என் இருமலும்தான்" என்றார்.

ஒன்பதே காலுக்குப் பேருந்து தெரு முனையில் திரும்பியது. மலைப்பாம்பு சந்துக்குள் வருவதுபோல அங்குலம் அங்குலமாக வந்து வாசலில் நின்றது. ஹோமத்தைக் கோயிலிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார்கள். உள்ளே என்னைத் தவிர எட்டுப் பேருக்குமேல் விட வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். மணமக்கள், இரண்டு அம்மாக்கள், தினேஷின் அப்பா, அவன் தங்கை, ஐயர், அண்ணன். மீதிப் பேர் பேருந்துக்குள்ளேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசிக்க முடியாது, அதனால் அவரும் தவில்காரரும் பேருந்தின் கடைசி வரிசையில்.

ஐயர் அக்கினி இல்லாமல் எப்படி என்று கையைப் பிசைந்தார். வீட்டுக்குள் ஒரு சுள்ளிகூட எரிக்க முடியாது. அவர் அண்ணனைப் பார்த்தார், மூக்குக் குழாயைப் பார்த்தார், சாமி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த சின்ன எண்ணெய் விளக்கைப் பார்த்தார். "அது அங்கயே எரியட்டும். அதுவும் அக்கினிதான்" என்றார்.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புவனாவின் கையைத் தன் கையில் எடுத்து, தினேஷின் கையில் வைத்தார். அக்கா தண்ணீர் வார்த்தார். ஐயர் சொல்லச் சொல்ல அண்ணன் திருப்பிச் சொல்ல வேண்டும். மந்திரத்தை முழுதாகச் சொல்ல மூச்சு போதவில்லை. ஐயர் வார்த்தை வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் அண்ணன் மூச்செடுக்கும்போதெல்லாம் எல்லோரும் காத்திருந்தோம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தினேஷ் அண்ணனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா மாமா" என்றான்.

தாலி கட்டும்போது ஐயர் ஜன்னல் பக்கம் கையை வீசினார். சாத்திய பேருந்துக்குள்ளிருந்து கெட்டி மேளம், தண்ணீருக்கு அடியில் வாசிப்பதுபோலக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா அழுதார். நான் கைப்பெட்டியைப் பார்க்க மறந்துபோனேன்.

பிற்பகலில் சாப்பாடு கோயிலிலிருந்து பாத்திரம் பாத்திரமாக வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதல் இலை.

திங்கட்கிழமை மேகம் விலகியது. அந்தச் சதுப்பு நிலத்திலிருந்து ஒரு மெல்லிய இழை தம்போய்வரை வருவதை அப்போதுதான் படத்தில் பார்த்தேன். அண்ணன் முந்தின நாள் ஒன்பதரை மணிப் படத்தைக் கேட்டார். காட்டினேன். வெறும் வெள்ளை.

"கல்யாணம் தெரியலையே" என்றார்.

"ஒன்றுமே தெரியவில்லை அண்ணே" என்றேன். இருவரும் சிரித்தோம். என் வேலையில் அவ்வளவு வெறுமையான ஒரு படத்தை நான் சேமித்து வைத்ததில்லை. அதைச் சேமித்துக்கொண்டேன்.

அன்றிரவு மழை கொட்டியது. செவ்வாய் காலை நான் கிளம்பும்போது சாலை, மரம், வீடுகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தன. பெட்டியை ஏற்றிவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன். அக்கா சாவியைத் திருகப் போனவர், கையை எடுத்துவிட்டார். மணியம் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். மூக்கில் குழாய் இல்லை. சுவரைப் பிடித்து, பூந்தொட்டியைப் பிடித்து, கேட்டைப் பிடித்து நின்றார். ஒரு கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவருக்கு மூச்சு வாங்கியது, திரும்பி நடக்க முடியாமல் கேட்டிலேயே சாய்ந்து நின்றார்.

அக்கா வண்டியைக் கிளப்பவில்லை.

"போ லா!" என்று அண்ணன் அங்கிருந்தே கத்தினார். "அந்தம்மாவோட பிளேனு போயிடப் போவுது!"

"போனா போவுது" என்றார் அக்கா, ஜன்னல் வழியாக. "நீங்க மெதுவா உள்ள போங்க. நாங்க இருக்கோம்."